எதிர் எடை

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று சொல்லிச் சிரிக்காதவர் அந்தத் தெருவில் யாருமில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அது அலுக்கவே அலுக்காது.

"என்ன மெக்கானிக், ஊரையே ஏத்தி இறக்குறீங்க. சொந்த வீட்டுல மட்டும் அக்காதானா லிஃப்ட்டு?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே போய்விடுவான். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

வீடு மூன்றாம் மாடியில். ஒருவர் ஏறினால் எதிரே இறங்குபவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய அளவுக்குத்தான் படிக்கட்டின் அகலம். ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் படிகள் ஒரு ஓரத்தில் குறுகி, பாதம் பாதிதான் பதியும். கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு சக்கர நாற்காலி சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடக்கும். தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதும், இரண்டும் சமதரை. வீட்டு வாசலிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் உள்ள தூரம் மட்டும் மெக்கானிக்கின் மனைவி, மேனேஜரின் அம்மாவின் இடது இடுப்பின் பொறுப்பு.

மேனேஜர் என்பது மெக்கானிக்கின் மகள். நான்காம் வகுப்பு. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதனால் கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அதற்கும் சேர்த்து வாய் பேசும். வீட்டில் யார் எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போடுவதால் அந்தப் பெயர். பள்ளியிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான். ஆசிரியை வெளியே போகும் நேரத்தில் வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் பொறுப்பு. அவளுக்கு எட்டுகிற உயரத்தில் பலகையின் அடியில் ஒரு ஓரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"நீ பேசினா யாருடி பேர் எழுதறது?" என்று அம்மா கேட்டதற்கு, "நான் பேசினா அது டியூட்டி" என்றாள்.

காலையில் அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் மேனேஜர் அம்மாவின் மூக்கை ஆள்காட்டி விரலால் அழுத்துவாள்.

"கிரவுண்ட் ஃப்ளோர்."

"சரிங்க மேடம். கதவு மூடுது."

அம்மா புத்தகப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் வலது தோளில் மாட்டினால், "ஙீ... ஙீ..." என்று காதுக்குள் கத்துவாள். அது அப்பா சொல்லிக்கொடுத்தது. அளவுக்கு மேல் ஆள் ஏறிவிட்டால் லிஃப்ட் கதவை மூடாது. கடைசியாக ஏறியவர் இறங்குகிற வரைக்கும் கத்திக்கொண்டே நிற்கும்.

"சும்மா இருடி, காது போயிடும்" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்குவாள்.

இடது இடுப்புதான். வலது பக்கம் வைத்தால் மேனேஜரின் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக்கொள்ளும். உடம்பு பலகையாகி வழுக்கும். வேறு ஆள் தூக்கினாலும் அதே கதை. ஜெராக்ஸ்காரர் ஒருமுறை உதவிக்கு வந்து, முதல் திருப்பத்துக்குள்ளேயே, "அக்கா, நீங்களே பிடிங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா முதுகில் சுமப்பான், அதற்கு மட்டும் அவள் உடம்பு சம்மதிக்கும். ஆனால் விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அப்பாவின் முதுகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே கிடைக்கும்.

அம்மாவுக்கு வலி எப்போது தொடங்கியது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. இடுப்பின் வெளிப்பக்கம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இடிக்கிற இடத்தில் ஒரு எலும்பு முண்டு இருக்குமே, அங்கேதான். முதலில் படி ஏறும்போது மட்டும் சுருக்கென்றது. பிறகு பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து எழும்போதும் வந்தது. மேனேஜரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதால் அம்மா வகுப்பு முடிகிற வரைக்கும் அந்த வராந்தா பெஞ்சில்தான் இருப்பாள். எழுந்ததும் கொஞ்சதூரம் நொண்டினால்தான் கால் வழிக்கு வரும். கடைசியில் படுக்கையிலும் வலித்தது. மேனேஜர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் மெத்தை அம்மாவுக்கு இடது பக்கம். ஆக அம்மா எப்போதும் படுப்பதும் வலிக்கிற பக்கமே.

"சூடு பிடிச்சிருக்கும்" என்று கொஞ்ச நாள் ஓட்டினாள். "வாயு" என்று கொஞ்ச நாள். மெக்கானிக்கின் அக்கா போனில், "நான்லாம் ரெண்டு பிள்ளைங்களை இடுப்பிலேயே வளர்த்தவ. எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாள்.

"உங்க பிள்ளைங்க ஒரு வயசுல இறங்கி நடந்துடுச்சுங்க, அண்ணி" என்று அம்மா சொன்னதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சு மாறிவிட்டது.

டாக்டர் அவளை வலது பக்கமாகப் படுக்கச் சொல்லி, அந்த எலும்பு முண்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அம்மா போட்ட சத்தத்தில் நாற்காலியிலிருந்த மேனேஜர் திடுக்கிட்டு விறைத்துக்கொண்டாள்.

"இதேதான்" என்றார் டாக்டர். "எலும்புக்கும் அது மேல ஓடுற தசைநாருக்கும் நடுவுல சின்னதா ஒரு பை இருக்கும்மா. உள்ள வழவழன்னு கொஞ்சம் தண்ணி. உரசாம இருக்கறதுக்காக. பர்சான்னு பேரு. அது வீங்கிப்போச்சு."

"கிரீஸ் வைக்கிற மாதிரிங்களா சார்?" என்றான் மெக்கானிக்.

"அப்படியே வச்சுக்கங்க."

"அப்ப புதுசு மாத்திடலாமே."

"ஸ்பேர் வர்றதில்லைங்க" என்று சிரித்தார் டாக்டர். பிறகு அம்மாவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. மறுபக்கம் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே காலில் சாய்ந்து நிற்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுக்க வேண்டும். படி ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல, எடை தூக்காதீங்க."

"எந்த எடை சார்?" என்றாள் அம்மா.

மேனேஜர்தான் சொன்னாள்: "என்னைத்தாம்மா சொல்றாரு."

"எது வரைக்கும் தூக்கக் கூடாது?"

"ஆறுற வரைக்கும்."

"ஆறினப்புறம்?"

"அப்புறமும் தூக்காம இருந்தா திரும்ப வராது" என்றார் டாக்டர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினார்.

அடுத்த அறையில் பிசியோ. இளம்பெண். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டாள். வலது பக்கம் படுத்து இடது காலை முட்டி மடங்காமல் மெல்ல மேலே தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். "வேகமா செஞ்சா அது டான்ஸ் அக்கா, பயிற்சி இல்ல." மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்த வேண்டும். சுவரோரம் நின்று முட்டியால் சுவரைத் தள்ள வேண்டும். அந்த முண்டைச் சுற்றியுள்ள தசை பலமானால் பையின் மேல் உரசல் குறையும் என்றாள்.

வீட்டில் மேனேஜர் மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னும் மேல. இன்னும். பாதியிலயே இறக்குற, நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

"முடியலடி."

"முடியலன்னு நான் சொன்னா நீ விடுவியா?"

அது நியாயமான கேள்விதான். மேனேஜரின் கால்களுக்கும் தினமும் பயிற்சி உண்டு. அழ அழ நீட்டி விடுகிறவள் அம்மா. அம்மா காலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

மாற்று வழிகளைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களில் தரைத்தளம் என்றாலே கடைகள்தான், வீடுகள் மாடியில். தூரத்தில் தரைத்தள வீடு கிடைத்தது, அங்கே மேனேஜரைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி கிடைக்கவில்லை. இந்தப் பள்ளியே ஏறி இறங்கிய பள்ளிகளில் கடைசி. மெக்கானிக் தன் சூப்பர்வைசரிடம் போய், தினமும் காலையில் கொஞ்சம் தாமதமாக வந்து மாலையில் அந்த நேரத்தைச் சரிக்கட்டுகிறேன் என்று கேட்டான்.

"காலையிலதான்யா லிஃப்ட் மாட்டும்" என்றார் சூப்பர்வைசர். "ஆபீஸ் போற அத்தனை ஜனமும் ஒரே நேரத்துல பட்டனைப் போட்டு அமுக்குறான். அந்த நேரத்துல நீ வீட்டுல இருந்துட்டு சாயங்காலம் வந்து என்னத்தைப் பிடுங்கப் போற?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இந்த விஷயத்தில் யார் பேசினாலும் நியாயமாகவே பேசினார்கள்.

வலி குறையாததால் டாக்டர் ஊசி போட்டார். இரண்டு நாளில் வலி போன இடம் தெரியவில்லை. அம்மா விரலால் அந்த முண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி.

"வலி போச்சுன்னு ஏமாந்துடாதீங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். "ஊசி வீக்கத்தை அடக்கும், அவ்வளவுதான். இந்த இடைவெளியில ரெஸ்ட் கொடுத்து, தசையைப் பலப்படுத்திக்கணும். திரும்பத் திரும்பப் போட முடியாது, தசைநார் கெட்டுடும்."

மெக்கானிக் மிச்சமிருந்த விடுமுறை எல்லாவற்றையும் எடுத்தான். முதுகில் சுமந்தான். மேனேஜர் அவன் காதைப் பிடித்து ஓட்டினாள். விடுமுறை தீர்ந்ததும் அம்மா சுமந்தாள். வலி இல்லை. கொஞ்ச நாள் வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில், பெஞ்சிலிருந்து எழுந்தவள் அப்படியே பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான். போனபோது இருந்ததைவிடத் தெம்பாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக் காய்ச்சல். அம்மாவே மேனேஜரை இறக்க வேண்டியிருந்தது. அவன் வாசலில் நின்று, அவள் இறங்குவதை மேலிருந்து பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிப் பார்க்கிறான். அவள் உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்து, இடுப்பு மட்டும் இடது பக்கம் பிதுங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு குலுக்கல்.

"ஏன் அப்படிச் சாஞ்சு போற?" என்று அவள் திரும்பி வந்ததும் கேட்டான்.

"உங்க பொண்ணு ஒரு பக்கமா உக்காந்திருந்தா நான் மறுபக்கம் சாயாம என்னங்க செய்யறது? ரெண்டு பேரும் உருள வேண்டியதுதான்."

மெக்கானிக் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"லிஃப்ட்டை மோட்டார் தூக்குதுன்னு நினைக்கிறியா? இல்ல. கயித்துக்கு இந்தப் பக்கம் கூண்டு, அந்தப் பக்கம் இரும்பு. கவுண்டர்வெயிட். கூண்டு மேல வந்தா இரும்பு கீழ போகும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். மோட்டார் சும்மா தள்ளி விட்டாப் போதும்."

"காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா உங்களுக்கு?"

"கேளு. உனக்கு அந்தப் பக்கம் இரும்பு இல்ல. அதான் இந்தப் பக்கம் தேயுது."

அம்மா அவனையே பார்த்தாள். அவன் ஒன்றும் அரைகுறை ஆள் இல்லை. நகரத்தின் உயரமான கட்டடங்களில் அவன் கை பட்ட கூண்டுகளில் ஆயிரம் பேர் பயமில்லாமல் ஏறி இறங்குகிறார்கள். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து நாளாகியிருந்தது.

"அம்மாவுக்கும் இரும்பா, அப்பா?" என்றாள் மேனேஜர்.

"ஆமா பாப்பா. அம்மாவும் லிஃப்ட்தானே."

பழைய பாதுகாப்புப் பெல்ட்டின் நாடாவில் தோளில் மாட்டும் வார் தைத்தான். உள்ளே ஸ்பான்ஜ் வைத்தான், உறுத்தக் கூடாதே. தடித்த கான்வாஸில் பை. அதற்குள் கழித்துப்போட்ட லிஃப்ட்டிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தகடுகள். முனைகளை அரம் போட்டு மழுக்கி, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராமல் துணி சுற்றி வைத்தான். மேனேஜரின் எடையில் பாதி போதும் என்று கணக்குப் போட்டான். லிஃப்ட்டிலும் முழு எடைக்குச் சரியாக வைப்பதில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் சாயங்காலமெல்லாம் அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

வலது தோளில் மாட்டிப் பார்த்தபோது அம்மா நிமிர்ந்து நின்றாள். உண்மையிலேயே நேராக நின்றாள். சாய்வு போய்விட்டது. கீழே ஜெராக்ஸ்காரர் கடையை விட்டு வெளியே வந்து, "அட, அக்கா இப்ப போலீஸ் மாதிரி நடக்கறாங்க" என்றார்.

மேனேஜர் மட்டும் முதல் நாளிலேயே "ஙீ" என்றாள்.

"இது ஓவர்லோட் இல்லடி. பேலன்ஸ்" என்றாள் அம்மா.

வலி குறையவில்லை. கூடியது. ஆனால் பார்ப்பதற்கு நேராக இருக்கும்போது, உள்ளே கோணலாகிக்கொண்டிருப்பதை எப்படி நம்புவது? மெக்கானிக்கிடம் சொன்னபோது அவன், "புதுக் கயிறு போட்டா முதல்ல கொஞ்சம் இழுக்கும். செட்டாக நாளாகும்" என்றான். அம்மாவும் நம்பினாள். நம்பாமல் போனால் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு நம்புவதே சுலபமாக இருந்தது.

பள்ளி விட்டு வந்த ஒரு மதியம், இரண்டாம் மாடித் திருப்பத்தில், இடது காலில் எடையைப் போட்டு வலது காலைத் தூக்கியபோது, இடுப்புக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது. அதற்கப்புறம் இடது கால் அங்கே இல்லை. அம்மா பின்னால் சாய்ந்து சுவரில் முதுகை உரசிக்கொண்டே உட்கார்ந்தாள். மேனேஜரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டதால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பை மட்டும் தோளிலிருந்து நழுவி, ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு கீழே போய் விழுந்தது.

ஜெராக்ஸ்காரர் பாதி படி ஓடிவந்தார். "அக்கா! என்ன விழுந்துச்சு?"

"பைதான்" என்றாள் அம்மா. அவள் உதடு வெளுத்திருந்தது. "அவருக்கு ஒரு போன் பண்ணுங்க."

அவர் போன் போட்டுவிட்டு மேலே வந்து மேனேஜரைத் தூக்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் உடம்பு விறைத்துக் கால்கள் பின்னிக்கொண்டன. அவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மாவைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். காலை ஊன்றிய மாத்திரத்தில் அம்மா கத்தினாள். அவரும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் நகரத்தின் அந்தக் கோடியில், இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன ஒரு கூண்டிலிருந்து ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு வர முடியாத வேலை அது.

அவர்கள் படிக்கட்டிலேயே காத்திருந்தார்கள். நேரம் போகப் போக மேனேஜரின் பாவாடை நனைந்து அம்மாவின் மடியும் நனைந்தது. ஜெராக்ஸ்காரர் கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லிக் கீழே போனார். யாரும் வந்திருக்கவில்லை.

"லிஃப்ட் மாட்டிக்கிச்சு" என்றாள் மேனேஜர், சின்னக் குரலில்.

அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

"யாரும் பயப்படாதீங்க" என்றாள் மேனேஜர். அப்பா வீட்டிலிருக்கும்போது போனில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். "கதவைத் தள்ளாதீங்க. காத்து வரும். மெக்கானிக் வந்துட்டே இருக்காரு."

ஸ்கேன் எடுத்ததில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. மெக்கானிக் பிசியோ அறையில் அந்தக் கான்வாஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"பேலன்ஸ்தான் மேடம் பண்ணேன்" என்றான். "அந்தப் பக்கம் சரியா எடை வச்சா, இந்தப் பக்கம் பாரம் குறையணுமே."

பிசியோ கோபப்படவில்லை. "அந்தப் பையை வலது கையில தொங்க விடுங்கண்ணா. சரி. இப்ப இடது கால்ல மட்டும் நில்லுங்க. படி ஏறும்போது ஒரு கால்லதானே நிக்கிறோம்? இடது கையை இடது இடுப்புல வச்சுப் பாருங்க."

அவன் நின்றான். இடது இடுப்பில் வைத்திருந்த கைக்குக் கீழே சதை கல்லாக இறுகியது. பையைக் கீழே வைத்தான், தளர்ந்தது. மறுபடியும் எடுத்தான், இறுகியது.

"லிஃப்ட்ல ரெண்டு எடையும் மேல ஒரு சக்கரத்துல தொங்குது இல்லையாண்ணா? அந்தச் சக்கரத்தை எது தாங்குது?"

"பில்டிங்" என்றான்.

"இங்க பில்டிங் அக்காவோட இடுப்பு எலும்புதான். வலது பக்கம் நீங்க போட்ட எடையால வலது பக்கமே சாஞ்சு விழாம, இந்த இடது சதைதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. ஏற்கெனவே வீங்கின இடத்து மேல."

மெக்கானிக் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தான். "உக்காருங்க" என்று அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. உக்காருங்க."

"இனிமே தூக்கவே கூடாது அக்கா" என்றாள் பிசியோ. "எப்பவுமே."

பள்ளியில் தலைமையாசிரியை நல்லவிதமாகவே பேசினார். பெயரை எடுக்க மாட்டோம், வீட்டிலிருந்தே படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் எப்படியாவது கூட்டி வந்துவிடுங்கள் என்றார். அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு மாடியில் நடக்கும் என்பதையும் சொன்னார். அதை அப்போது சொல்லாமல் இருந்திருக்கலாம். கரும்பலகையின் அடியில் ஒதுக்கியிருந்த ஓரத்தில் இப்போது வீட்டுப்பாடம் எழுதுகிறார்களாம். பேசுகிறவர்கள் பெயரை வேறொரு பெண் மேலே, எட்டுகிற இடத்தில் எழுதுகிறாள்.

அதன் பிறகு அம்மா டாக்டர் சொன்ன எதையும் மீறவில்லை. மீற வழியும் இல்லை. மேனேஜரின் மெத்தையை வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வந்தது. ஐஸ் ஒத்தடம் தவறவில்லை. சமையலறையில் நிற்கும்போது இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நின்றாள், மறந்து ஒரு பக்கம் சாய்ந்தால் அறைக்குள்ளிருந்து, "இடுப்பு!" என்று சத்தம் வரும். காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி. மேனேஜர் கணக்கில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். பகலில் அவளுக்கு வேறு வேலை இல்லை. அப்பா காலையில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டுப் போனால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பள்ளி மணியும் கேட்கும்.

"இது மூணாவது பீரியட்" என்பாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முதுகில் சுமந்து இறக்கி, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். ஒருமுறை அவளாகக் கேட்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. கம்பிக்குள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருமே பேசல" என்றாள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றுவிட்டாள்.

மாதங்கள் போகப் போக இடுப்பு ஆறியது. டாக்டர் அந்த முண்டில் கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். அம்மா முகம் சுளிக்கவில்லை.

"பாத்தீங்களா? சொன்னதைக் கேட்டா எப்படி ஆறுது! முக்கால்வாசிப் பேர் கேக்க மாட்டாங்கம்மா. உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல." அவருக்கு உண்மையான சந்தோஷம். அம்மாவும் சிரித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "வலி எப்படி இருக்கு?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்லங்க."

அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கான்வாஸ் பையை அவன் எப்போதோ வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியிருந்தான். இருந்தாலும் கதவுக்குப் பின்னால் அது தொங்கிய ஆணியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை கம்பெனி வண்டி ஹாரன் அடித்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அம்மா பெட்டியிலிருந்து சீருடையை எடுத்து மேனேஜருக்குப் போட்டாள். கை குட்டையாகியிருந்தது. தோள்பட்டையில் இழுத்துப் பிடித்தது. மேனேஜர் எதுவும் கேட்காமல் கையை நீட்டிக்கொடுத்தாள்.

அம்மா பிசியோ சொல்லிக்கொடுத்தபடி முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, மேனேஜரைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தாள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்து மேனேஜர் கனம் கூடியிருந்தாள். கால்களும் முன்னைவிட நீளம். ஆனால் வலிக்கவில்லை. கால்கள் பழைய இடத்தைக் கண்டுகொண்டு பொருந்தின. அம்மா வாசலுக்கு வந்து முதல் படிக்கு முன்னால் நின்றாள். கீழே ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

மூக்கில் விரல் வரவில்லை.

"எந்த ஃப்ளோர் மேடம்?" என்றாள் அம்மா.

மேனேஜர் அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ஙீ..."

"பை மாட்டலடி. பாட்டில்கூட இல்ல. பாரு."

"ஙீ... ஙீ..."

"வலிக்கல கண்ணு. சத்தியமா வலிக்கல. டாக்டரே சொல்லிட்டாரு."

மேனேஜர் மூச்சு வாங்க மட்டும் நிறுத்தினாள். "கடைசியா ஏறினவங்க இறங்கணும்மா" என்றாள். மறுபடியும் தொடங்கினாள். காதருகில் கத்தவில்லை; வெளியே, படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். சுவருக்குச் சுவர் மோதி அந்தச் சத்தம் கீழே இறங்கிப் போனது. ஷட்டர் சத்தம் நின்றது. ஜெராக்ஸ்காரர் "அக்கா?" என்று கேட்டது லேசாக வந்தது.

அம்மா ஒரு காலை முதல் படியில் வைத்தாள். சத்தம் கூடியது. அடிவயிற்றிலிருந்து வந்தது. தொண்டை கரகரத்தும் விடவில்லை. அந்தச் சிறிய விலாவெலும்புகள் தன் கைக்குள் விரிந்து சுருங்குவது அம்மாவுக்குத் தெரிந்தது.

அவள் காலைப் பின்னால் எடுத்தாள். உள்ளே வந்து, மேனேஜரை மெத்தையில் உட்கார வைத்து, சுவரோடு தலையணையை முட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் சத்தம் நின்றது.

சீருடையைக் கழற்றவில்லை. காற்று இந்தப் பக்கம் இல்லாததால் மணி கேட்கவில்லை.

"பயிற்சி செய்யல இன்னிக்கு" என்றாள் மேனேஜர், கரகரத்த குரலில்.

அம்மா தரையில் வலது பக்கமாகப் படுத்தாள். இடது காலை முட்டி மடங்காமல் மெல்லத் தூக்கினாள்.

"ஒண்ணு" என்றாள் மேனேஜர். "இன்னும் மேல. ஏமாத்தாத."